நிரூபன் (கனடா)

அந்த ஞாயிற்றுக்கிழமை யோகராணியின் வீட்டில் இருந்தவர்கள்: யோகராணி, நான், என் மனைவி ரதி, விட்பியிலிருந்து எங்களைக் காரில் ஏற்றிவந்த எங்கள் மகள் அட்சயா, குடிவரவு ஆலோசகர் அன்புராசா. கிளிநொச்சியிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் யோகராணியின் தங்கை இராசமணி. இவ்வளவு பேர்தான். மாடியில் ஒருவரும் இருக்கவில்லை. நிலக்கீழ் அறையிலும் ஒருவரும் இருக்கவில்லை. அங்கே இன்னோர் ஆள் இருந்ததாகக் கோயிலிலும் கல்யாண மண்டபங்களிலும் கதைக்கிறவர்கள் அன்று அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் இருந்தேன். ஆகவே நான் சொல்கிறேன்.

யோகராணி என் தம்பி இராஜரட்ணத்தின் மனைவி. தம்பி இறந்து இது மூன்றாவது பனிக்காலம். அவள் ரூஜ் என்ற பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் தனியே இருக்கிறாள். கீரை வகைகளைக் கழுவி, நறுக்கி, பைகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் வேலை. அந்தக் கட்டடம் முழுவதும் குளிரறை. இரண்டு சுவெற்றர், மேலே வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, கைக்கு இரட்டை உறை. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து நெடுநேரம் விரல்கள் மடங்காது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை அமிழ்த்திக்கொண்டு குசினிக் கதிரையில் இருப்பாள். பெல்ட்டில் ஓடிவரும் கீரையில் பழுத்த இலை, கல், புழு, ஒருமுறை உயிரோடு ஒரு தவளை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று அவளுடைய சூப்பவைசர் மரியோ சொல்வானாம். அவளை இரவு வேலைக்கு மாற்ற மரியோ பல தடவை கேட்டிருக்கிறான். அவள் மறுத்துவிட்டாள். இங்கே இரவென்றால் இலங்கையில் பகல். அவன் அழைப்பதானால் பகலில்தான் அழைப்பான். அந்த நேரம் அவள் வீட்டில் இருக்கவேண்டும்.

அவன் என்பது அவளுடைய மகன் நிரூபன். என் தம்பியின் ஒரே பிள்ளை.

குசினிச் சுவரில் கம்பியில் இணைந்த பழைய தொலைபேசி ஒன்று இருக்கிறது. தம்பி முதன்முதலில் பார்க்டேலில் ஓர் அறையில் இருந்த காலத்து இலக்கம் அது. ரூஜுக்கு வீடு மாறியபோது இலக்கத்தை மாற்றச் சொன்ன தொலைபேசி நிறுவனத்தோடு சண்டை பிடித்து அதே இலக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நிரூபனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கனடா இலக்கம் அது ஒன்றுதான். அதில் மணி அடித்தால் யோகராணி ஹலோ சொல்லமாட்டாள். “நிரூ, அம்மா கதைக்கிறன்” என்பாள். வெப்பக்காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று ஏதோ ஒரு தேசத்திலிருந்து இந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் அழைக்கும் டக்ட் கிளீனிங் பெடியன்களுக்கும் அதுதான் முதல் பேச்சு. அவர்களில் ஒருவன் இதைக் கேட்டுக் கேட்டே பழகி, ஒருநாள் அவள் எடுத்தவுடன் “அம்மா” என்றிருக்கிறான். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ரதி போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

வாசலில் ஓர் ஆண்பிள்ளையின் பனிச் சப்பாத்துகள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அவை செத்த மனிதருடையவை என்று நினைப்பார்கள். இல்லை. தம்பியின் சப்பாத்துகளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தெருவில் கொட்டும் உப்பு ஒரு பனிக்காலத்திலேயே எந்தச் சப்பாத்தையும் வெள்ளையாக்கிவிடும். இவற்றில் உப்புக் கறை இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தம்பி கனடாவுக்கு முதலில் தனியே வந்தான். அகதி வழக்கில் வென்று, மனைவியையும் மகனையும் கூப்பிட விண்ணப்பித்தான். அனுமதி கிடைத்த வருடம் அவர்கள் வன்னிக்குள் இருந்தார்கள். வன்னியைவிட்டு வெளியேற, அப்போது அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் அனுமதிப் பாஸ் வேண்டும். தாய்க்குக் கொடுத்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. தாய் போவதற்கும் ஒருவர் பிணை நிற்கவேண்டும். கல்யாணமே செய்யாமல் அக்காவோடு இருந்த இராசமணி பிணைக்குக் கையெழுத்து வைத்தாள். நிரூபன் சித்தியோடு நின்றான். யோகராணி கொழும்பில் ஒரு லொட்ஜில் மகனுக்காகக் காத்திருந்தாள். விசாவின் தவணை முடியும் தறுவாயில், பிள்ளை பின்னால் வந்துவிடுவான் என்று எல்லாரும் சொல்லித்தான் விமானம் ஏறினாள். சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்றைய நிலைமையில் அது சரியான முடிவு. இன்றும் அதையே சொல்வேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. கடைசி நாட்களில் இராசமணியும் நிரூபனும் சனத்தோடு சனமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார்கள். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் பெயர் பதியவேண்டும் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. இயக்கம் பிடித்துக்கொண்டுபோய்ச் சில மாதங்கள் வைத்திருந்த பிள்ளை அவன். “நீங்கள் போங்கோ சித்தி, பதிஞ்சிட்டு வாறன்” என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறினான். யன்னல் கரையில் இடம் கிடைத்தது என்று கையால் காட்டினானாம். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

இராசமணி கிளிநொச்சியிலேயே தங்கிவிட்டாள். பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு தெருவோரப் போராட்டக் கொட்டிலில் நிரூபனின் படத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்தாள். சலரோகம், அதுதான் நீரிழிவு, முதலில் கால் விரல் ஒன்றைக் கொண்டுபோனது. பிறகு கண்ணில் ஏறியது. தனிச் சீவியம். கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் சுவரைத் தடவித் தடவிப் போகும் நிலை வந்தபோதுதான் யோகராணி என்னிடம் கேட்டாள்: “பெரியத்தான், மணியை இஞ்ச கூப்பிட ஒரு வழியும் இல்லையோ?”

கனடாவில் கூடப்பிறந்தவர்களை அப்படிக் கூப்பிட முடியாது. ஒரேயொரு விலக்கு உண்டு. கணவன், பிள்ளை, தாய் தகப்பன், சகோதரம், மாமன் மாமி, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளான பெறாமக்கள் என்று இந்த நாட்டில் ஒருவரும் இல்லாதவர், அப்படிக் கூப்பிடக்கூடிய வேறு ஆட்களும் இல்லாதவர், இரத்த உறவில் ஒரே ஒருவரைக் கூப்பிடலாம். அன்புராசா தன் அலுவலகத்தில் இதை விளங்கப்படுத்தும்போது, “நீங்கள் தனிமரம் எண்டு காட்டவேணும் அன்ரி” என்றான். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கணவனின் தமையனைச் சட்டம் உறவாகக் கணக்கெடுக்காதாம். நான் உயிரோடு இருக்க என் தம்பியின் பெண்சாதி தனிமரம் என்று எழுதியதைப் பொறுத்துக்கொண்டேன். இராசமணியின் கண்ணுக்காகப் பொறுத்தேன்.

அன்புராசா கெட்டவன் அல்ல. அலுவல் தெரிந்தவன். ஆனால் ஓரிடத்தில் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டான். யோகராணிக்கு ஒருவரும் இல்லை என்று நிறுவுவதற்காக, தம்பியின் மரண அறிவித்தலை மொழிபெயர்த்து விண்ணப்பத்தோடு இணைத்தான். எங்களுக்குள் அதைவிடப் பெரிய குடும்ப அத்தாட்சி இல்லை. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருக்கு யார் என்ன முறை, யார் இருக்கிறார், யார் இல்லை, எல்லாம் அதில் இருக்கும். செத்தவர்களுடைய பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். இருக்கிறவர்களுடைய பெயருக்குப் பின்னால், அடைப்புக்குள், அவர்கள் இருக்கும் நாடு வரும்.

எங்கள் குடும்பத்தில் மரண அறிவித்தல் எழுதுவது என் பொறுப்பு. என் தகப்பனாருக்கு எழுதியதிலிருந்து ஒரு முறை தவறாமல் எழுதிவருகிறேன். தம்பிக்கு எழுதும்போது மட்டும் நிரூபனின் பெயரில் வந்து பேனா நின்றது. முன்னால் ‘காலஞ்சென்ற’ போட முடியாது. பின்னால் எந்த நாட்டைப் போடுவது? வெறும் பெயரை விட்டால் வாசிக்கிறவன் கேள்வி கேட்பான். யோகராணியிடம் கேட்டேன். அவள் தம்பியின் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “கனடா எண்டு போடுங்கோ. அவன் வந்து இறங்கிற இடம் இதுதானே” என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ‘நிரூபனின் (கனடா) பாசமிகு தந்தையும்’ என்று எழுதினேன். வானொலியிலும் அப்படியே வாசித்தார்கள்.

குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. கனடாவில் வசிக்கும் உங்கள் மகனைப் பற்றிய விபரங்களைத் தருக. இதற்குப் பதில் எழுதத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடினோம்.

முதல்நாள் இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. யோகராணி விடியவே எழும்பி வாசலைத் தள்ளித் துப்புரவாக்கி உப்புப் போட்டிருந்தாள். அன்புராசா உள்ளே வந்து காலை உதறும்போது வாசலைப் பார்த்தான்.

“ஆரின்ர சப்பாத்து அன்ரி உது? புதுசாக் கிடக்கு.”

“நிரூவின்ர.”

அன்புராசா என்னைப் பார்த்தான். நான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“உதை ஒருக்கா உள்ளுக்கு எடுத்து வைச்சா நல்லம்” என்றான் அவன். “கனடாவில மகன் இல்லையெண்டு எழுதப்போறம். வாசல்ல சப்பாத்து நிக்குது.”

“சப்பாத்து வாசல்ல நிக்காமல் கட்டிலிலயோ நிக்கிறது?” என்றாள் யோகராணி. அவளுக்குப் பகிடி விடவும் தெரியும். அன்புராசா சிரித்துவிட்டான்.

சாப்பிடுமுன் வழக்குக் கதைப்பது எங்கள் வீட்டில் இல்லை. புட்டு அவித்திருந்தாள். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்து, சீலா மீனும் பொரித்திருந்தாள். உறைந்த மீன் பொரியப் பொரியத் தண்ணீர் விடுகிறது என்று ரதி குறை சொன்னாள். குளிரறைக் கையோடு யோகராணி புட்டு கொத்துவதைப் பார்த்த அட்சயா அகப்பையை வாங்கப் போனாள். யோகராணி கொடுக்கவில்லை. விட்பி வீட்டுத் தெருவில் நகரசபை பனி அள்ள வருவதேயில்லை என்று அட்சயா சொன்னாள். அதைப் பற்றிக் கொஞ்சநேரம் கதைத்தோம். கதைக்க வந்தது அதுவல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்தபடியால் அதையே நீட்டிக்கொண்டு போனோம்.

கோப்பைகளை எடுத்தபிறகு இராசமணியை அழைத்தோம். அங்கே இரவு. அவளுக்குக் கண் தெரியாதபடியால் கைத்தொலைபேசியை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். நெற்றியும் திருநீறும் ஒரு பக்கத்து மூக்குக்கண்ணாடியும்தான் திரையில் தெரிந்தன. அட்சயா அதை மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள்.

அன்புராசா முதலில் சொன்ன வழியை நான் சுருக்கிச் சொல்கிறேன். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க இலங்கையில் சட்டம் இருக்கிறது. பலர் எடுத்திருக்கிறார்கள். கடைசியாகக் கண்டவர் இராசமணி. அவர் அங்கே போய்ச் சொன்னால் கிடைக்கும். அதை வைத்தால் இங்கே யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அதற்கு மறுமொழி இராசமணிதான் சொன்னாள்.

“தம்பி, நான் அவன் பஸ்ஸில ஏறினதைக் கண்டனான். யன்னல் கரையில இருந்ததைக் கண்டனான். செத்ததை நான் காணேல்லை. காணாததை எப்பிடிச் சொல்லுறது?”

“ஓம் அன்ரி, அது எனக்கு விளங்குது...”

“உங்களுக்கு விளங்காது. அந்தக் கொட்டிலுக்குள்ள என்னோட இருந்த மனிசியள் எத்தினை பேர் அப்பிடியே போய்ச் சேந்திட்டினம். ஒருத்தியும் அந்தச் சான்றிதழ்த் துண்டை எடுக்கேல்லை. நான் எடுத்தா, பேந்து அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

அந்தக் கதை அதோடு முடிந்தது. ரதி கண்ணைத் துடைத்தாள். அன்புராசா தேத்தண்ணீர் குடித்தான். அவனுக்கு இன்னொரு வழி இருந்தது. அது சின்ன வழி என்பதால் அதைச் சொல்லும்போது அவன் முகம் தெளிந்திருந்தது.

“சரி. உயிரோட இருக்கட்டும். செத்தது எண்டு ஒருத்தரும் எழுதவேண்டாம். குடிவரவுக்காரருக்கு வேண்டியது ஒண்டே ஒண்டுதான். ‘என்ர மகன் கனடாவில இல்லை.’ இவ்வளவும்தான் அன்ரி. மரண நோட்டீசில கிடக்கிறது ஒரு ஆறுதலுக்குப் போட்டதெண்டு ஒரு வரி. அடிச்சுக் கொண்டந்திருக்கிறன். சத்தியம் செய்து கையெழுத்து வைச்சாச் சரி.”

தாளை எடுத்து மேசையில் வைத்தான். பேனாவையும் வைத்தான்.

“அது எழுதலாம்தானே அக்கா” என்றாள் இராசமணி. குரல் மாறியிருந்தது. “அதில பொய் இல்லைத்தானே?”

யோகராணி பேனாவை எடுத்தாள். அவளுடைய விரல்கள் அன்றும் சரியாக மடங்கவில்லை. தாளின் மேல் மூலையைத் தடவி நேராக்கினாள். பேனாவைத் தாளில் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“அவன் எங்க எண்டு எனக்குத் தெரியாது” என்றாள். “எங்க இருக்கிறான் எண்டு தெரியாத எனக்கு, எங்க இல்லை எண்டு மட்டும் எப்பிடித் தெரியும்?”

“சின்னம்மா” என்றாள் அட்சயா. “கனடாவில இருந்தா வீட்டை வராமல் இருப்பானோ?”

“வழி தெரிஞ்சா வருவான். யுத்தம் முடிஞ்சு இஞ்ச கப்பலில வந்த சனத்துக்குள்ள பெயர் மாத்திச் சொன்ன பிள்ளையள் இருந்ததெண்டு உங்கட அப்பாதான் சொன்னவர். ஆர் கண்டது? தலையில அடிபட்டு, தன்ர பெயரே தெரியாமல் எங்கையாவது ஒரு ஷெல்ட்டரில கிடக்கிறானோ? நான் டவுன்ரவுனுக்குப் போனா, போர்த்திக்கொண்டு ரோட்டில படுத்திருக்கிறவங்களின்ர முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் வாறனான். இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டு, பேந்து என்னெண்டு பாக்கிறது?”

அவள் இதையெல்லாம் செய்கிறாள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ரதிக்கும் தெரியாது.

திரையில் இருந்த நெற்றி கொஞ்சம் அசைந்தது.

“அக்கா.”

“சொல்லு மணி.”

“நான் உங்களிட்ட ஒருக்காலும் ஒண்டும் கேக்கேல்லை. பிணைக்கு நிக்கச் சொன்னனீங்கள், நிண்டனான். பிள்ளையைப் பாக்கச் சொன்னனீங்கள், பாத்தனான். ஏலுமானவரைக்கும் பாத்தனான். இப்ப எனக்கு இரவில பயமாக் கிடக்கக்கா. ஆரோ முற்றத்தில நடக்கிற மாதிரிக் கேக்குது. எழும்பிப் பாக்கக் கண் இல்லை. ஆரெண்டு கேட்டா சத்தமில்லை. என்னைக் கூப்பிடுங்கோ.”

யோகராணி பேனாவைத் தாளில் வைத்தாள். முனை பட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. கை அதற்கு மேல் போகவில்லை.

இந்த இடத்தில் நான் பேசினேன். குடும்பத்தில் மூத்தவன் நான். அந்த அறிவித்தலை எழுதியவன் நான். இந்த நிலையில் ஒரு பெண்பிள்ளையின் தலையில் இந்தச் சுமையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல. நான் எழுதிக் கொடுக்கிறேன், எழுதியவனே சத்தியம் செய்தால் ஏற்கமாட்டார்களா என்று அன்புராசாவைக் கேட்டேன். பலம் குறைவுதான், ஆனாலும் உதவும் என்றான்.

யோகராணி என் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் முகத்தை நேரே பார்த்து அவள் பேசியது குறைவு. அன்று பார்த்தாள்.

“நீங்கள் எழுதினா நான் உங்களை மறிக்கேலாது பெரியத்தான். ஆனா அண்டைக்குக் கனடா எண்டு போடச் சொல்ல, நீங்கள் ஏனெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அதை நான் மறக்கேல்லை. நாளைக்கு அவன் வந்து, பெரியப்பாவோ என்னை இல்லையெண்டு எழுதினவர் எண்டு கேட்டா, நான் என்ன மறுமொழி சொல்லுறது? அதையும் நீங்களே சொல்லித் தாங்கோ.”



சுவரில் தொலைபேசி அடித்தது.

எல்லாரும் அதைப் பார்த்தோம். யோகராணி எழும்பிப் போனாள். ஓடவில்லை. அவள் எப்போதும் நடந்துதான் போவாள்.

“நிரூ, அம்மா கதைக்கிறன்.”

நாங்கள் மேசையில் இருந்தோம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டக்ட் கிளீனிங் என்றால் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவாள். அவள் வைக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. காதோடு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்றாள். ரதி எழும்பப் போனாள். நான் கையால் மறித்தேன். பிறகு அவள் மெதுவாக வைத்துவிட்டு வந்து அமர்ந்தாள்.

“ஆர் யோகம்?” என்றாள் ரதி.

“டக்ட் கிளீனிங்.”

ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் அழைப்பதில்லை என்று திரும்பும் வழியில் அட்சயா காரில் சொன்னாள். அழைப்பார்கள் என்று நான் சொன்னேன்.

சீனிப் போத்தலில் சாய்ந்திருந்த கைத்தொலைபேசியை நாங்கள் மறந்துவிட்டோம். இராசமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அக்கா, ஒவ்வொரு முறையும் அப்பிடியோ சொல்லி எடுக்கிறனீங்கள்?”

“ஓம்.”

“இத்தினை வருசமுமோ?”

“ஓம் மணி.”

அங்கே ஒரு நாய் குரைத்தது. இராசமணி முகத்தைத் திருப்பினாள் போலும், திரையில் நெற்றி போய்ச் சுவரும் ஒரு கயிற்றுக்கொடியும் தெரிந்தன. அவள் குரல் மட்டும் வந்தது.

“அப்ப விடுங்கோ அக்கா. எழுதாதேங்கோ. தம்பி, அந்தப் பேப்பரை எடுங்கோ. அவவின்ர முன்னுக்கு அது கிடக்கவேண்டாம்.”

அன்புராசா எடுத்தான். அதில் அந்த ஒரு புள்ளிதான் இருந்தது. அவன் போகும்போது வாசலில் குனிந்து தன் சப்பாத்தைப் போட்டான். பக்கத்தில் இருந்த சோடி சரிந்துவிட்டது. அதை நிமிர்த்தி, முனை வீட்டுக்குள் பார்க்க, இருந்தபடியே வைத்துவிட்டுப் போனான். அதற்காக அவனை நான் மதிக்கிறேன்.

மகனின் இருப்பிடம் தெரியாது என்று யோகராணி பதில் அனுப்பினாள். பனி கரையும் காலத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரருக்குக் கனடாவில் மகன் இல்லை என்பது நிறுவப்படவில்லை என்று அதில் இருந்ததாக அன்புராசா வாசித்துச் சொன்னான். நான் என் பங்குக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. இராசமணி இப்போது வவுனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது, யாராவது வந்து கேட்டால் தான் எங்கே இருக்கிறாள் என்று சொல்லும்படி அயலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனாளாம். அக்காவும் தங்கையும் நாள் தவறாமல் கதைக்கிறார்கள். என்ன சாப்பிட்டாய், அங்கே மழையா, இங்கே பனியா என்று கதைக்கிறார்கள். நீ போய் அவளோடு இருந்தால் என்ன என்று ரதி ஒருநாள் கேட்டாள். தொலைபேசி அழைப்புகளைக் கைத்தொலைபேசிக்கு மாற்றித் தருகிறேன், எங்கே போனாலும் கேட்கும் என்று அட்சயாவும் சொல்லிப் பார்த்தாள். மணி இந்த வீட்டில் அடிக்கவேண்டும் என்று யோகராணி சொல்லிவிட்டாள்.

நின்ற இடத்திலேயே நின்று அந்தச் சப்பாத்துகளின் றப்பர் வெடித்துவிட்டது. இந்தப் பனிக்காலம் புதுச் சோடி வாங்கி வைத்திருக்கிறாள். ஓரளவு பெரிதாக வாங்கினாள். பிள்ளை இப்போது வளர்ந்திருப்பான் என்று கடைக்காரப் பெட்டையிடம் சொன்னாளாம்.

அந்தச் சப்பாத்துகளை யாரோ கண்டிருக்கிறார்கள். அறிவித்தலில் இருந்த அடைப்பை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டதையும் யாரோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து இப்போது ஊர் ஒரு கதை கதைக்கிறது. நிரூபன் எப்போதோ வந்துவிட்டானாம். பெயரை மாற்றிக்கொண்டு மொன்றியலில் ஒரு வேற்றினப் பெண்ணோடு இருக்கிறானாம். பனிக்காலத்தில் தாயிடம் வந்து தங்குகிறானாம். அன்று அன்புராசா வந்தபோதும் மாடியில் இருந்தானாம். அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் யோகராணி சொந்தத் தங்கையைக் கைவிட்டாளாம். தகப்பன் எரியும்போதும் அவன் கார் தரிப்பிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தானாம். இதைக் கோயில் பந்தியில் என் காது கேட்க ஒருவர் சொன்னார். சாப்பாட்டு இலையை விட்டு எழும்பினேன். எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பந்தியில் சண்டை பிடிப்பது எனக்குப் பழக்கமில்லாதபடியால் அன்று பேசாமல் வந்தேன்.

இப்போது சொல்கிறேன். மூத்தவன் இளையவனுக்குக் கொள்ளி வைப்பதில்லை. எங்கள் பரம்பரையில் அப்படி நடந்ததில்லை. அன்று தகனசாலையில், பெட்டி உள்ளே போனபிறகு, மகன் அழுத்தவேண்டிய பொத்தானை என் கை அழுத்தியது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும், பாதி நாடு தள்ளி இருந்திருந்தாலும், அந்தப் பொத்தானுக்கு வந்திருப்பான். அவன் அப்படி வளர்ந்த பிள்ளை.

ஊர் கதைப்பது பொய். என் தம்பி இராஜரட்ணத்தின் மகன் நிரூபன் கனடாவில் இல்லை.